"எல்லாம் தெரிஞ்சதுதான் டீச்சர்" என்கிறவர்களுக்கு

கொஞ்சம் நீளமான பதிவு, பொறுமையாகப் படியுங்கள். கோபத்தோடுதான் எழுதுகிறேன்.

பொங்கல் முடிந்த கையோடு நம் குடும்பக் குழுவிலும் பள்ளிக் குழுவிலும் ஓர் இணைய வகுப்பைப் பற்றிச் சொல்லியிருந்தேன். ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தின் மருத்துவர் மாயா ஆடம் கோர்செராவில் நடத்துகிற, உணவும் ஆரோக்கியமும் பற்றிய அறிமுக வகுப்பு. எனக்கு ஆங்கிலம் அவ்வளவு ஓடாது. பேத்தி பக்கத்தில் உட்கார்ந்து நிறுத்தி நிறுத்தி விளக்க, முழுசாகப் பார்த்தேன். உங்களில் பதினோரு பேர் சேர்ந்தீர்கள். எப்படி இருந்தது என்று கேட்டேன். வந்த கருத்துகளுக்குத்தான் இந்தப் பதில்.

முதல் கருத்து, அதிகம் பேர் சொன்னது: "ரொம்ப அடிப்படை. புதுசா ஒண்ணும் இல்ல டீச்சர்." ஒரு தம்பி இரட்டை வேகத்தில் ஓடவிட்டு ஒரே மாலையில் முடித்து, தேர்வில் நூற்றுக்கு நூறு என்று படமும் போட்டிருந்தான். தம்பி, அப்போது உன் கையில் மிக்சர் பொட்டலம் இருந்ததா இல்லையா? உண்மையைச் சொல்.

"தெரியும்" என்கிற சொல்லின் லட்சணம் எனக்குத் தெரியும். 34 வருஷம் பிள்ளைகளுக்குச் சரிவிகித உணவு பாடம் நடத்தினவள் நான். கலர் சாக்பீஸில் கீரை, கேரட், முட்டை, பால் எல்லாம் வரைவேன். அதே 34 வருஷமும் என் வீட்டில் தட்டு நிறையச் சோறு, ஓரத்தில் ஒரு கரண்டி பொரியல், இரண்டு அப்பளம். என் வீட்டுக்காரருக்குச் சர்க்கரை வந்தது. 2019-ல் வலது காலில் இரண்டு விரல்களை எடுத்தார்கள். சோறு மட்டுமே காரணம் என்று சொல்லவில்லை, அவர் வீட்டில் பரம்பரையாகவும் உண்டு. ஆனால் ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது, நான் கரும்பலகையில் வரைந்த படம்தான் கண்முன் வந்து நின்றது. தெரியாமலா இருந்தேன்?

இந்த வகுப்பு முடிந்த மறுநாள் வீட்டில் காயைத் தராசில் நிறுத்துப் பார்த்தேன். இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரு நாளைக்குக் கால் கிலோ. உலக சுகாதார நிறுவனம் சொல்வது, ஓர் ஆளுக்கு 400 கிராம் காயும் பழமும், அதுவும் உருளைக்கிழங்கைச் சேர்க்காமல். அடுத்தது டீ. நாலு வேளை, வேளைக்கு இரண்டு ஸ்பூன் சர்க்கரை என்றால் எட்டு ஸ்பூன், ஏறக்குறைய 32 கிராம். சேர்க்கும் சர்க்கரை 25 கிராமுக்குள் இருந்தால் நல்லது என்பது அவர்கள் கணக்கு. பிஸ்கட்டும் பாயசமும் இன்னும் கணக்கிலேயே வரவில்லை. இரண்டாம் வகுப்புக் கூட்டல் பெருக்கல்தான். 60 வயது தாண்டும்வரை நான் போடவில்லை. நீங்கள் போட்டீர்களா?

ஐ.சி.எம்.ஆர். நாடு முழுக்க எடுத்து 2023-ல் வெளியிட்ட ஆய்வின்படி, நம் நாட்டில் 10 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய். இன்னும் 13 கோடிக்கு மேல் அதன் வாசலில் நிற்கிறார்கள். இனிப்பு அதிகம் ஆகாது என்று இவர்களில் யாருக்குத் தெரியாது?

இரண்டாவது கருத்து: "எடை குறைய சார்ட் எதுவும் தரல." தராததுதான் அந்த வகுப்பின் நல்ல குணம் என்பேன். சிறுநீரகக் கோளாறு, இதய நோய் என்று இருப்பவர்கள் மருத்துவரிடமும் உணவியல் நிபுணரிடமும் கேட்டு அதன்படி சாப்பிட வேண்டும். மற்றவர்களுக்குப் பத்து நாள் சார்ட் பதினோராம் நாள் கிழிந்துவிடும். முடிந்தவரை வீட்டில் சமை, அளவாகச் சாப்பிடு என்பதுதான் அங்கே பாடம்.

மூன்றாவது கருத்து: "நம்ம சாப்பாடே இல்ல." இது நியாயம், ஒப்புக்கொள்கிறேன். நம் இட்லியும் கம்பங்கூழும் அங்கே இல்லை. அதற்கு ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-ல் வெளியிட்ட வழிகாட்டியைப் பாருங்கள். ஒரு நாள் சாப்பாட்டில் ஏறக்குறையப் பாதித் தட்டு காய், கீரை, பழம், கிழங்கு என்று படமே போட்டிருக்கிறார்கள். முருங்கைக்கீரைக்கு அமெரிக்காவிலிருந்தா ஆள் வர வேண்டும்?

கடைசியாக, என் தங்கை மகள் தனியாக அனுப்பியது: "வகுப்பு பார்த்தது அவர், அடுப்படியில நிக்கிறது நான். தெரிஞ்சதுதான்னு சொல்றவர் ஒரு நாள் வெண்டைக்காய் நறுக்கிக் கொடுக்கட்டும் பெரியம்மா." பதினோரு கருத்துகளில் இது ஒன்றுக்குத்தான் முழு மதிப்பெண். "ரொம்ப அடிப்படை" என்று எழுதிய ஆறு பேரும் ஆண் பிள்ளைகள் என்பதையும் குறித்துக்கொண்டேன்.

இப்போது வீட்டுப்பாடம். ஒரு வாரம் உங்கள் வீட்டுக் காயை நிறுத்துப் பாருங்கள், சர்க்கரை ஸ்பூனை எண்ணுங்கள். அரை மணி நேரமாவது நீங்களே அடுப்படியில் நில்லுங்கள். அந்தக் கணக்கை எழுதி அனுப்புங்கள், திருத்தித் தருகிறேன். வகுப்பைப் பற்றிய கருத்தை அதற்குப் பிறகு கேட்டுக்கொள்கிறேன். எங்கள் வீட்டில் இப்போது ஒரு நாளைக்கு 600 கிராம் வந்திருக்கிறது. இன்னும் 200 பாக்கி.

அன்புடன்,
உங்கள் டீச்சர்