உழைத்தவர் முகம் சுவரில் ஒளிரட்டும்

உப்பிட்டவரை உள்ளளவும் நினைக்க வேண்டும் என்று நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்வார்கள். ஆனால் விளக்கிட்டவரை நாம் நினைக்கிறோமா? மாலையில் விளக்கைப் போட்டுப் படிக்க அமரும்போது, அந்த ஒளி யாருடைய வியர்வையில் பிறந்தது என்று நம்மில் எத்தனை பேர் எண்ணிப் பார்க்கிறோம்?

நம் ஸ்ரீமுஷ்ணத்திலிருந்து பேருந்தில் போய்த் திரும்பிவிடக்கூடிய தூரத்தில்தான் நெய்வேலி இருக்கிறது. 1957ஆம் ஆண்டு மே 20 அன்று பிரதமர் நேரு அங்கே சுரங்கப் பணியைத் தொடங்கி வைத்தார். 1961இல் பழுப்பு நிலக்கரி கண்ணுக்குத் தெரிந்தது. தொடங்கி வைத்தவர் பெயர் நமக்குத் தெரியும். ஆனால் அடியிலிருந்து பொங்கி வரும் நீரை இரவும் பகலும் இறைத்து, மலைபோன்ற மேல்மண்ணை அகற்றிக் கரியை எடுத்தவர்களின் பெயர்கள்? 2013 ஜூலையில், நிறுவனத்தின் பங்குகளை விற்கக் கூடாதென்று அவர்களுடைய தொழிற்சங்கங்கள் ஒன்றுகூடி வேலைநிறுத்தம் செய்தன. முடிவில் தமிழக அரசு நிறுவனங்களே அப்பங்குகளை வாங்கின. இதுவும் நம் வட்டார வரலாறு அல்லவா?

சென்னை மெரினாவில் உழைப்பாளர் சிலை உண்டு. சிற்பி தேவி பிரசாத் ராய் சௌத்ரி வடித்த அச்சிலை 1959இல் திறக்கப்பட்டது. 1923இல் சிங்காரவேலர் மே தினம் கொண்டாடியதும் சென்னைக் கடற்கரையில்தான். பாறையைப் பெயர்க்கும் நால்வரைப் பார்க்கும் எவருக்கும் உள்ளம் சிலிர்க்கும். எனினும் பெண் மக்களாகிய எங்களுக்கு ஒரு குறை. நால்வரும் ஆண்கள்! மண் சுமந்த பெண்ணுக்கு அங்கே இடமில்லையே!

ஆகவே எங்கள் கருத்து இது. நெய்வேலியில், மக்கள் நடமாடும் ஒரு சுவரில், சுரங்கத் தொழிலாளருக்கும் அவர்களுடைய சங்கங்களுக்கும் ஒரு மொசைக் சித்திரம் அமைய வேண்டும். மொசைக் என்றதும் வீட்டுத் தரைதான் நம் நினைவுக்கு வரும். வண்ணச் சில்லுகளைச் சாந்தில் ஒவ்வொன்றாகப் பதித்து முகங்களையும் தீட்டலாம். வெயிலிலும் மழையிலும் அதன் வண்ணம் எளிதில் மங்காது. அதற்கு வேண்டிய சில்லுகளுக்காக வெளியூர் போக வேண்டியதில்லை. நிலக்கரிக்கு மேலுள்ள மண்ணில் வெண்களிமண்ணும் கிடைக்கிறது. பீங்கான் பொம்மைகளும் பியூஸ் கட்டைகளும் செய்யும் சூளைகள் விருத்தாசலத்தில் இருக்கின்றன. தொழிலாளி தோண்டிய மண்ணிலேயே தொழிலாளியின் முகம் உருவாகுமானால் அதைவிடப் பொருத்தம் வேறு உண்டோ?

வேல்ஸ் நாட்டின் நியூபோர்ட் நகரில் இத்தகைய சித்திரம் ஒன்று இருந்தது. 1839இல் வாக்குரிமை கேட்டு அணிவகுத்துச் சென்று, துப்பாக்கிச் சூட்டுக்கு இரையான சுரங்கத் தொழிலாளரையும் இரும்பாலைத் தொழிலாளரையும் நினைவுகூர, கென்னத் பட் என்ற கலைஞர் 1978இல் இரண்டு லட்சம் சில்லுகளால் அதை அமைத்தார். 2013இல் கடைவீதி கட்டுவதற்காக அதை இடித்துவிட்டார்கள். ஊர் மக்கள் கண்ணீர் விட்டும் பயனில்லை. கட்டினால் மட்டும் போதாது, காக்கவும் வேண்டும் என்பதே நாம் அதில் கற்கும் பாடம்.

சங்கம் என்றாலே சண்டைதான் என்று முகம் சுளிப்போரும் உண்டு. தொழிலாளர் ஒன்றுகூடிச் சங்கம் அமைப்பது அவர்களுடைய இயல்பான உரிமை என்று பாப்பரசர் பதின்மூன்றாம் சிங்கராயர் 1891இலேயே தம் சுற்றுமடலில் எழுதினார். வீட்டில் நால்வர் சேர்ந்து பேசுவதைச் சண்டை என்போமா?

அச்சித்திரத்தில் தலைவர்கள் மட்டும் நின்றால் போதாது. ஒப்பந்தத் தொழிலாளி நிற்கட்டும். சோற்றுத் தூக்கு ஏந்திய மனைவி நிற்கட்டும். சுரங்கத்துக்குத் தம் நிலத்தைக் கொடுத்துவிட்டு வேறு ஊர் போன உழவரும் நிற்கட்டும். அவர்களை விட்டுவிட்டால் அந்தச் சுவர் பாதி உண்மையைத்தான் பேசும்.

பெரியோர்கள் முயன்றால் இது கைகூடும். சில்லு பதிக்க ஆள் வேண்டுமென்றால், விடுமுறை நாள்களில் நாங்கள் வரத் தயார்!