பச்சைப் பெட்டியை எண்ணாதேங்கோ, கொமிட்டை வாசியுங்கோ

"ஒரு நாளைக்கு ஒரு கொமிட். என்னத்தையாவது போடுங்கோ. கிட்ஹப் பக்கத்தில பச்சைப் பெட்டி விழுந்தால் சரி, இன்ரவியூவில அதைத்தான் பார்ப்பினம்."

கணினி கோர்ஸ் முடித்து வெளியே வருகிற எங்கட பெடியளுக்கும் பெட்டையளுக்கும் கடைசி வகுப்பில் சொல்லி அனுப்பப்படுகிற ஞானம் இதுதான். ரவுணில் ஓரிடத்தில் இதற்குப் புள்ளியே போடுகிறார்கள். முப்பது நாளில் முப்பது பெட்டி பச்சையானால் முழுப் புள்ளி. பிள்ளைகள் என்ன செய்யும்? ரீட்மீ கோப்பின் கடைசியில் ஒரு புள்ளி வைக்கும், அடுத்த நாள் அதை அழிக்கும். புள்ளி வைத்துப் புள்ளி வாங்குகிற கலை.

பிள்ளைகளில் எங்களுக்குக் கோபம் இல்லை. இதைக் கல்வி என்று விற்கிறவர்களோடுதான் எங்கட சண்டை.

கிட் என்பது கோப்புகளை ஏற்றிவைக்கிற பெட்டி இல்லை. யார், எப்போது, எந்த வரியை, ஏன் மாற்றினார் என்பதைச் சேர்த்து வைக்கிற நினைவு அது. அந்த 'ஏன்' கொமிட் செய்தியில் இருக்கும், பழைய வரியும் புதிய வரியும் பக்கத்திலேயே இருக்கும். இதை ஒவ்வொன்றாகக் கண்ணால் பார்த்துத் தேடவேண்டும் என்றும் இல்லை. பைதனில் இதற்கென்றே லைப்ரரிகள் இருக்கின்றன. கிட்பைதன் ஒன்று. அதன் மேல் கட்டப்பட்ட பைட்ரில்லர் இன்னொன்று, மென்பொருள் ஆய்வாளர்கள் 2018இல் வெளியிட்டது. கணினியில் கிட்டே நிறுவாமல் வேலை செய்கிற டல்லிச்சும் இருக்கிறது. ஒரு களஞ்சியத்தின் முகவரியைக் கொடுத்து, "முதல் கொமிட்டில் இருந்து ஒவ்வொன்றாகத் தா" என்று கேட்க பைட்ரில்லரில் நாலு வரி போதும். ஏ.எல்.இல் ஐ.சி.ரி. படிக்கிற எவருக்கும் அந்த நாலு வரி விளங்கும்.

எண்ணிக்கை எப்படிப் பொய் சொல்லும் என்பதற்குத் தமிழில் எழுதுகிற எங்களிடமே சாட்சி இருக்கிறது. இந்தக் குழுவின் கட்டுரைகளை நாங்கள் கிட்டில்தான் வைத்திருக்கிறோம். ஒரு பந்தி முழுக்க ஒரே வரியாகக் கிடக்கும். அதில் ஒரு 'ள'வை 'ழ'வாக்கினால், ஒரு வரி அழிந்தது, ஒரு வரி சேர்ந்தது என்று பதிவாகும். அந்தப் பந்தியைக் கிழித்துப் போட்டு ஓர் இரவு முழுக்க இருந்து புதிதாய் எழுதினாலும் பதிவு அதேதான்: ஒன்று அழிந்தது, ஒன்று சேர்ந்தது. கொமிட்டின் திகதியையும் விரும்பியபடி போடலாம், கிட் தடுக்காது. பழைய திகதிகளில் கொமிட் போட்டு, பச்சைப் பெட்டிகளாலேயே படம் கீறுகிறவர்கள் இருக்கிறார்கள். விடாமல் எத்தனை நாள் என்று காட்டுகிற எண்ணை கிட்ஹப்பே 2016 மே மாதம் எடுத்துவிட்டது. 2020 ஒக்ரோபரில் நாலு திருத்தம் அனுப்பினால் ஒரு ரீசேர்ட் என்று அறிவித்த ஹக்ரோபர்ஃபெஸ்ட், உலகத்தில் உள்ள ரீட்மீக்களை எல்லாம் குப்பையால் நிரப்பி, மாதம் தொடங்கிய மூன்றாம் நாளே விதியை மாற்றவேண்டி வந்தது. அங்கே ரீசேர்ட்டுக்குச் செய்ததை இங்கே சான்றிதழுக்குச் செய்யச் சொல்கிறார்கள்.

எங்களிடம் இருப்பது ஒரு லப்டொப். எழுதுகிறவர்கள் ஐந்து பேர். லைப்ரரியிடம் "எழுதினது ஆர்?" என்று கேட்டால் ஒரேயொரு பெயரைத்தான் தரும், லப்டொப்புக்குச் சொந்தமான அக்காவின் பெயரை. உண்மை கொமிட் செய்திக்குள் இருக்கிறது. ஒவ்வொன்றின் அடியிலும் எழுதினவரின் பெயரைத் தமிழில் போட்டிருக்கிறோம். எண்ணுகிறவனுக்கு அக்கா மகா உழைப்பாளி, மற்ற நாலு பேரும் இல்லவே இல்லை. வாசிக்கிறவனுக்கு ஐந்து பேரும் தெரிவார்கள். புளியங்குளத்தில் இருந்து நெடுங்கேணிப் பக்கம் திரும்பிப் போனால் ஒரு லப்டொப்பை நாலு வீடு பாவிக்கிற ஊர்கள் இருக்கின்றன. அந்தப் பிள்ளைகளைப் பெட்டி எண்ணி அளப்பது அநியாயம்.

"அப்ப லைப்ரரியும் எண்ணத்தானே செய்யுது?" என்று கேட்பீர்கள். செய்யும். எண்ணுவது பாவம் என்று நாங்கள் சொல்லவில்லை. எங்கே போய் வாசிக்கவேண்டும் என்று கண்டுபிடிக்க எண்ணுங்கோ. அந்த இடத்துக்குப் போன பிறகு எண்ணை விட்டுவிட்டு வாசியுங்கோ.

ஒரு உதாரணம், எங்கட மணிக்கூட்டோடு சம்பந்தப்பட்டது. கிட் ஒவ்வொரு கொமிட்டிலும் நேரத்தோடு நேர வலயத்தையும் எழுதிவைக்கும். எங்களுக்கு அது +0530, ஐந்தரை மணித்தியாலம். கிட்பைதன் இதை எப்படி வாசித்தது தெரியுமா? 530ஐ நூறால் வகுத்து 5.3 மணித்தியாலம் என்று எடுத்தது. 5.3 என்றால் ஐந்து மணி பதினெட்டு நிமிடம். பன்னிரண்டு நிமிடம் காணாமல் போய்விட்டது! லண்டனுக்கும் நியூயோர்க்குக்கும் முழு மணித்தியாலக் கணக்கு என்பதால் அங்கே பிழை தெரியாது. எங்களுக்கும் முழு இந்தியாவுக்கும்தான் பிழைக்கும். கிட்பைதனை நம்பி நின்ற பைட்ரில்லருக்கும் அதே பன்னிரண்டு நிமிடம் போனது. 2023 தொடக்கத்தில்தான் திருத்தினார்கள்: நூறால் வகுத்து வருகிற முழு எண்ணை மணியாகவும், மிச்சத்தை நிமிடமாகவும் தனித்தனியே எடுத்தார்கள். சில வரிகள், அவ்வளவுதான்.

இந்தத் திருத்தத்தை கிட்பைதனின் சொந்தக் களஞ்சியத்தில், கிட்பைதனையே வைத்துத் தேடி எடுக்கலாம். நேரத்தைக் கையாளுகிற அந்த ஒரு கோப்பைத் தொட்ட கொமிட்டுகளை மட்டும் தா என்று கேட்டால் பட்டியல் சுருங்கிவிடும். பச்சைப் பெட்டிக் கணக்கில் அந்தத் திருத்தத்தின் பெறுமதி ஒரு பெட்டி. ரீட்மீயில் புள்ளி வைத்து அழித்ததற்கு முப்பது.

அரை மணித்தியாலம் என்பது வன்னியில் சின்ன விசயமா? 1996இல் கொழும்பு மணிக்கூட்டை முன்னால் தள்ளியது. முதலில் ஒரு மணித்தியாலம், பிறகு அதில் அரை மணியைத் திருப்பி எடுத்து +0600இல் நின்றது. புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த இந்தப் பக்கம் பழைய நேரத்திலேயே இருந்தது. ஓமந்தையைத் தாண்டினால் மணிக்கூட்டையும் மாற்றவேண்டும். "புது நேரமோ பழைய நேரமோ?" என்று கேட்டுப் பழகினவர்கள் எங்கட அம்மா அப்பாமார். 2006 ஏப்ரலில்தான் கொழும்பும் +0530க்குத் திரும்பியது. கிட் பிறந்தது 2005 ஏப்ரலில். இடையில் அந்த ஒரு வருடம் கொழும்பு நேரத்தில் ஓடிய ஒரு கணினியில் இருந்து யாராவது கொமிட் போட்டிருந்தால் அதில் +0600 என்று இருக்கும். வெறும் எண்ணாக எடுக்கிறவன் அந்த ஆளை டாக்காவில் கொண்டுபோய் இருத்துவான்.

வரலாறு எங்கே தொடங்குகிறது என்பதையும் யாரோ ஒருவர்தான் தீர்மானிக்கிறார். லினக்ஸ் கேர்னலின் இன்றைய கிட் களஞ்சியம் 2005 ஏப்ரலில் தொடங்குகிறது. கேர்னல் 1991இல் பிறந்தது. இடையில் உள்ள காலத்தை லினஸ் டோர்வால்ட்ஸ் வேண்டுமென்றே ஏற்றவில்லை. பைட்ரில்லரிடம் கேட்டால் அந்தப் பதினாலு வருடம் நடக்கவேயில்லை. களஞ்சியம் சொல்லாததையும் சேர்த்துத்தான் வாசிக்கவேண்டியிருக்கிறது.

டேட்டா காட்டுக்குக் காசு எங்கே என்று கேட்கிறவர்களுக்கு: கிட் உண்டானதே எங்களுக்காகத்தானோ என்று நினைக்கத் தோன்றும். வவுனியாவுக்குப் போகிற நாளில் ஒருமுறை குளோன் பண்ணிக்கொண்டு வந்தால் முழு வரலாறும் லப்டொப்பில் இருக்கும். லைனும் தேவையில்லை, மணித்தியாலத்துக்கு இத்தனை கேள்விதான் என்று கிட்ஹப் போடுகிற தடையும் இல்லை. ஒரு கவனம்: டேட்டா மிச்சம் பிடிக்க டெப்த் 1 போடச் சொல்லி வீடியோக்களில் சொல்லுவினம். போட்டால் கடைசிக் கொமிட் மட்டும்தான் வரும், லைப்ரரிக்கு வாசிக்க ஒன்றும் மிஞ்சாது. இன்னொன்று: தமிழில் பெயர் வைத்த கோப்பை கிட் \340\256\252 என்று வாந்தி எடுத்தாற்போல் காட்டும். கோப்புக்கு ஒன்றும் ஆகவில்லை. கோர் டொட் கோட்பாத் என்ற அமைப்பை ஃபோல்ஸ் ஆக்குங்கோ, 'பு' 'பு'வாகவே தெரியும்.

வேலை தருகிறவன் பெட்டியைத்தான் எண்ணுவான் என்றால் எண்ணட்டும். அவனுக்கு நேரமில்லை. படிப்பிக்கிறவருக்கும் நேரமில்லையா? சேர், முப்பது பெட்டிக்குப் பதிலாக ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரேயொரு கொமிட்டைக் கொடுங்கோ. இதை ஏன் போட்டார்கள், போடாவிட்டால் யாருக்குப் பிழைத்திருக்கும் என்று அரைப் பக்கம் தமிழில் எழுதச் சொல்லிப் புள்ளி போடுங்கோ. கிட்பைதனின் அந்த அரை மணித்தியாலத் திருத்தத்தில் இருந்தே தொடங்கலாம். குளோன் எங்களிடம் பென்ட்ரைவில் இருக்கிறது, சந்திக்கு வந்தால் தருவோம்.