காலொடிந்த குதிரையும் நம் கருணைப் பேச்சும்

மயிலாப்பூரில் ஒரு நூலறிமுகக் கூட்டம் முடிந்து, வழக்கம்போல் கூட்டத்தைவிட நீண்ட தேநீர்ப் பேச்சு நடந்துகொண்டிருந்தது. கிண்டி பந்தயத் திடலை அரசு எடுத்துக்கொண்டது சரியா தவறா என்று தொடங்கிய விவாதம், எப்படியோ அடிபட்ட குதிரைகளில் வந்து நின்றது. வாசிப்பிலும் வயதிலும் என்னைவிட மூத்த நண்பர் ஒருவர், "காலொடிந்த குதிரைக்குத் துப்பாக்கிக் குண்டுதான் கருணை. இதில் உணர்ச்சிவசப்பட என்ன இருக்கிறது?" என்றார். சுற்றியிருந்தவர்கள் தலையசைத்தார்கள். நானும் அசைத்தேன் என்றுதான் நினைக்கிறேன். அந்தத் தலையசைப்பு அன்றிலிருந்து உறுத்திக்கொண்டிருப்பதால் இதை எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைக் கேட்க வேண்டும். இந்த ஞானம் நமக்கு எங்கிருந்து வந்தது? நம்மில் எத்தனை பேர் குதிரை வளர்த்திருக்கிறோம்? மேற்கத்திய சாகசப் படங்களில், பாலைவனத்தின் நடுவே கதாநாயகன் தொப்பியைக் கழற்றிவிட்டுத் தன் குதிரையைச் சுடும் காட்சியைத் தவிர நமக்கு இதில் வேறு ஆதாரம் ஏதுமில்லை. மருத்துவர் ஒரு பகல் தூரத்துக்கு அப்பால் இருந்த ஒரு நிலத்தின் நடைமுறையை நாம் நித்திய உண்மையாக மனப்பாடம் செய்து வைத்திருக்கிறோம்.

அந்த வாக்கியத்தில் பாதி உண்மை இருக்கிறது, மறுக்கவில்லை. குதிரையின் முழங்காலுக்குக் கீழே தசை என்று சொல்லத்தக்க எதுவும் இல்லை. எலும்பு, தசைநாண், தோல், அவ்வளவுதான். ஏறக்குறைய ஐந்நூறு கிலோ எடையை அந்த மெல்லிய கால்கள் முழுவேகத்தில் தாங்குகின்றன. எலும்பு நொறுங்கினால் மனிதனைப்போல் அதைப் படுக்கவைத்துக் குணப்படுத்த முடியாது. வாரக்கணக்கில் படுத்துக் கிடக்க அதன் உடல் இடம் தராது. நின்றாகவோ எடை முழுவதும் மற்றக் கால்களில் இறங்கும், அந்தக் குளம்புகள் அழற்சி கண்டு உள்ளே பிளவுபடும். 2006ஆம் ஆண்டு கென்டக்கி டெர்பியை வென்ற பார்பரோ, இரண்டே வாரம் கழித்து அடுத்த பந்தயத்தில் வலது பின்னங்கால் நொறுங்கி நின்றது. தேர்ந்த அறுவை மருத்துவர்களும், பணத்துக்குக் குறைவில்லாத உரிமையாளர்களும் எட்டு மாதங்கள் போராடினார்கள். உடைந்த கால் ஓரளவு தேறியது. தேறாமல் போனவை மற்றக் கால்கள். 2007 ஜனவரியில் அதற்கு மரணம் தரவேண்டியதாயிற்று. அங்கே அந்த முடிவு கருணைதான். எட்டு மாதங்கள் முயன்ற பிறகு வந்த கருணை.

ஆனால் பந்தயக் குதிரைக்கு நேரும் காயங்களில் மிகப் பெரும்பாலானவை இந்த வகையைச் சேர்ந்தவை அல்ல. முன்னங்காலின் பின்புறத்துத் தசைநாண் நைந்து வில்போல் புடைத்துக்கொள்வதுதான் அடிக்கடி நேர்வது. அதற்கு மருந்தைவிடக் காலம் முக்கியம். ஓய்வு, பிறகு கையில் பிடித்து நடத்தல், பிறகு மெதுவான ஓட்டம் என்று ஒன்பது மாதமோ ஒரு வருடமோ ஆகும். குணமான இடத்தில் உருவாகும் தழும்புத் திசுவுக்குப் பழைய நெகிழ்ச்சி இருக்காது என்பதால் மீண்டும் நையும் வாய்ப்பும் உண்டு. இந்த ஒரு வருடத்துத் தீவனத்தையும், லாயத்தையும், குதிரைக்காரரின் சம்பளத்தையும் யார் கொடுப்பது என்பதுதான் உண்மையான கேள்வி. இந்தக் கணக்குவழக்கை மறைக்கத்தான் கருணை என்ற சொல்லை நாம் அழைத்து வருகிறோம்.

தடைதாண்டிப் பந்தயமான ஸ்டீப்பிள்சேஸ் நம்மூரில் வேர்பிடிக்கவில்லை. கிண்டியில் நாம் அறிந்ததெல்லாம் சமதளத்து ஓட்டம். ஆனால் காயத்தைப் பற்றிப் பேசவேண்டுமென்றால் தடைதாண்டிப் பந்தயத்திடம்தான் போக வேண்டும். கிராண்ட் நேஷனலில் நாலு மைலுக்கு மேல், முப்பது வேலிகள். விபத்துகளுக்குப் பேர்போன அந்தப் பந்தயத்தில் 2024இல்தான் குதிரைகளின் எண்ணிக்கையை நாற்பதிலிருந்து முப்பத்து நான்காகக் குறைத்தார்கள். அந்தப் பந்தயத்தை 1973, 1974, 1977 என மூன்று முறை வென்ற ரெட் ரம், குளம்பெலும்பில் நோய் கண்ட குதிரை. 1972இல் அதை ஜிஞ்சர் மக்கெய்ன் என்பவர் தன் முதலாளிக்காக வாங்கினார். பழைய கார் விற்பனையையும் ஒரு சிறு லாயத்தையும் சேர்த்து நடத்திவந்த மனிதர். வாங்கிய குதிரை நொண்டுவதைக் கண்டதும் அவர் அதைச் சவுத்போர்ட் கடற்கரைக்கு ஓட்டிச்சென்று உப்பு நீரில் நடத்தினார். அன்றாடப் பயிற்சி முழுவதும் அந்த ஈர மணலிலேயே நடந்தது. 1978இல் பந்தயத்துக்கு முந்தின நாள் எலும்பில் மயிரிழை முறிவு தெரிந்ததும் விலக்கிக்கொண்டார்கள். யாரும் துப்பாக்கியைத் தேடவில்லை. அதன் பிறகு பதினேழு ஆண்டுகள் வாழ்ந்து, முப்பது வயதில் 1995இல் இறந்தது.

இது வெள்ளைக்காரன் ஊர்க் கதை என்று நண்பர் சொல்லலாம். நம் நாட்டுக் கதையும் இருக்கிறது. பெங்களூரைச் சேர்ந்த ஃபவாத் மிர்சா 2018 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் செய்னோர் மெடிகாட் என்ற குதிரையின்மேல் தனிநபர் வெள்ளி வென்றார். 1982க்குப் பிறகு குதிரையேற்றத்தில் நமக்குக் கிடைத்த முதல் தனிநபர்ப் பதக்கம். அவர் பங்கேற்கும் ஈவென்டிங் போட்டியில் 2000 சிட்னி ஒலிம்பிக் வரை ஸ்டீப்பிள்சேஸும் ஓர் அங்கமாக இருந்தது என்பதால் இந்த உதாரணம் அத்தனை விலகியதும் அல்ல. ஜகார்த்தாவுக்குப் பிறகு மெடிகாட் காயம்பட்டு நெடுநாள் ஒதுங்கியிருந்தது. ஒலிம்பிக் தகுதிக்கான புள்ளிகளை மிர்சா வேறு குதிரைகளின்மேல் ஈட்டினார். ஆனாலும் 2021இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் அவர் ஏறியது, காயத்திலிருந்து மீண்ட அதே குதிரையின்மேல். இறுதிச் சுற்றுக்குச் சென்று 23ஆம் இடத்தில் முடித்தார்கள். அந்தக் குதிரைக்குக் காத்திருக்க ஆளும் பணமும் இருந்தன. வேறு அதிசயம் ஏதும் நிகழவில்லை.

இனி கிண்டி. எனக்கு உண்மையில் ஆத்திரம் வருவது இங்கேதான்.

ஜெமினி மேம்பாலத்தருகே ஒரு குதிரைச் சிலை இருக்கிறது. திமிறி எழும் குதிரையை ஒரு மனிதன் இழுத்துப் பிடித்து அடக்குகிறான். தி.நகரிலிருந்து நுங்கம்பாக்கம் போகிறவர்கள் அனைவரும் பார்த்திருப்பார்கள். குதிரைப் பந்தயத்தை ஒழித்ததன் நினைவாக வைக்கப்பட்டது என்பது பலருக்கு மறந்திருக்கும். 1974இல் அரசு சட்டம் இயற்றியது. மன்றம் நீதிமன்றம் போயிற்று, தடையாணைகளின் நிழலில் பந்தயங்கள் தொடர்ந்தன. 1986இல் மன்றத்தையே கையகப்படுத்த இன்னொரு சட்டம் வந்தது. 1996 ஜனவரியில் உச்ச நீதிமன்றம், குதிரைப் பந்தயம் சூதாட்டமல்ல, திறமை சார்ந்த ஆட்டம் என்று சொல்லிக் கையகப்படுத்தலையும் ரத்து செய்தது. 2024 செப்டம்பரில் 160 ஏக்கருக்கு மேற்பட்ட அந்த நிலத்தின் குத்தகையை அரசு ரத்துசெய்து முத்திரை வைத்தது. 1946இல் ஆண்டுக்கு 614 ரூபாய் சொச்சம் என்று எழுதப்பட்ட குத்தகை அது. கோரப்பட்ட பாக்கி 730 கோடிக்கு மேல். பூங்கா வரும், வேளச்சேரி வெள்ளத்தைத் தாங்கக் குளங்கள் வரும் என்றார்கள். மறுபடியும் வழக்குகள்.

ஐம்பதாண்டுக் கால வழக்கு. சூதாட்டத்தால் அழிந்த குடும்பங்களைப் பற்றிப் பேசினார்கள், அது தேவையான பேச்சு. பாரம்பரியம் பற்றி, 1777 வரை பின்னோக்கிச் செல்லும் கிண்டி ஓட்டங்கள் பற்றிப் பேசினார்கள். நிலம், வாடகை, வெள்ளநீர் எல்லாவற்றையும் பேசினார்கள். இந்த வழக்கில் குதிரை ஒருபோதும் தரப்பாக இருந்ததில்லை. திறமை சார்ந்த ஆட்டம் என்ற வாதத்தின் உள்ளடக்கத்தைப் பாருங்கள். குதிரையின் வம்சம், உடல்தகுதி, முந்தைய ஓட்டங்கள், ஜாக்கியின் ஆற்றல் இவற்றைக் கணிக்கத் தெரிந்தவனே பணம் கட்டுகிறான், ஆகவே இது திறமை. அந்தத் தருக்கப்படி குதிரையின் நைந்த தசைநாண் என்பது பணம் கட்டுகிறவனுக்கு ஒரு தகவல். தீர்ப்பைக் குறை சொல்லவில்லை, அதன்முன் வைக்கப்பட்ட கேள்வியே அதுதான். தடை கோரியவர்களாவது குதிரையை நினைத்தார்களா? அவர்கள் வைத்த சிலையில் மனிதன்தான் வெல்கிறான், குதிரை ஏதோ குற்றவாளி போல அடங்குகிறது. சீட்டாட்டத்தை ஒழித்ததற்குச் சீட்டுக்கட்டைத் தூக்கிலிடும் சிலை வைப்போமா?

இந்தப் பாராமுகத்துக்கு நம்மிடம் வயதும் உண்டு. தோமையர் கல்லறையை, அதாவது நம் மயிலாப்பூரைப் பற்றி எழுதிய அதே மார்க்கோ போலோ, பதின்மூன்றாம் நூற்றாண்டில் மாபார் மன்னர்கள் கடல்வழி குதிரை வாங்கிய கதையையும் எழுதியிருக்கிறார். ஒவ்வோர் அரசனும் ஆண்டுக்கு இரண்டாயிரம் குதிரைகளும் அதற்கு மேலும் வாங்குவான். ஆண்டு முடிவில் நூறுகூட மிஞ்சாது. காரணம், பராமரிக்கத் தெரியாது, லாடம் கட்டிப் பண்டுவம் பார்ப்பவர் இல்லை. அப்படிப்பட்டவர்கள் இங்கே வந்துவிடாதபடி குதிரை வணிகர்களே தடுத்தார்கள். குதிரைகள் செத்தால்தானே அடுத்த கப்பலில் கொண்டுவந்து விற்கலாம்! எண்ணிக்கைகளை மிகையென்றே தள்ளினாலும், வைத்தியனை வரவிடாத வணிகம் என்ற அந்தச் செய்தியைத் தள்ள முடியவில்லை.

இலக்கிய நண்பர்களான நாமும் இதில் தப்பிக்க முடியாது. புறநானூற்றில் எருமை வெளியனாரின் பாடல் ஒன்று (273) இருக்கிறது. எல்லார் குதிரையும் திரும்பிவிட்டது, தன் கணவன் ஏறிச்சென்ற குதிரை மட்டும் வரவில்லை என்று ஒரு பெண் நெஞ்சழிகிறாள். அவள் கணவனுக்காகத்தான் கலங்குகிறாள் என்று உரை சொல்லிவிட்டு நாம் நகர்ந்துவிடுவோம். ஆனால் அவள் திரும்பத் திரும்பச் சொல்வது குதிரையைத்தான். குதிரையைக் கண்டவுடன் அதைப் படிமம் ஆக்கிவிடும் நம் பழக்கம் அந்தப் பெண்ணிடம் இல்லை.

போன மாதம் பெசன்ட் நகர் எலியட்ஸ் கடற்கரையில் சவாரிக் குதிரை ஒன்று முன்னங்காலை லேசாகத் தூக்கி வைத்து நின்றிருந்தது. உயரமும் கழுத்தும் அது ஒரு காலத்தில் ரேஸில் ஓடியது என்பதைச் சொல்லின. பிடித்திருந்த இளைஞரிடம் விசாரித்தேன். "ஆமா சார், ரேஸ் குதிரைதான். காலு போச்சுன்னு குடுத்துட்டாங்க. நான் காலைல ஈர மணல்லதான் நடத்துறேன், கொஞ்ச நேரம் தண்ணில நிறுத்துவேன். முன்னைக்கு இப்ப தேவல" என்றார். மக்கெய்ன் பெயரை அவர் கேள்விப்பட்டிருக்க நியாயமில்லை. பிறகு அதே குதிரையில் ஒரு குழந்தையை ஏற்றி ஒரு சுற்று அழைத்துப்போனார், சாயங்காலச் சோற்றுக்கு வேண்டுமே. அவரை நான் குறை சொல்லமாட்டேன். பந்தயப் பணத்தில் ஒரு காசுகூட அந்தக் காலைத் தேடி வரவில்லை, அந்தக் குதிரையின் மொத்த மருத்துவச் செலவும் இந்தச் சவாரிக் கட்டணம்தான்.

ஹாங்காங்கில் ஓடும் ஒவ்வொரு குதிரையின் மருத்துவக் குறிப்பையும் அங்குள்ள மன்றம் எல்லோரும் பார்க்கும்படி வெளியிடுகிறது. அமெரிக்காவில் 2009இல் ஆயிரம் ஓட்டங்களுக்கு இரண்டு என்றிருந்த குதிரைச் சாவு 2023இல் 1.32 ஆகக் குறைந்தது. எண்ணத் தொடங்கியதால் குறைக்கவும் முடிந்தது. நம்மூர் ரேஸ் புத்தகங்களில் எடை, தூரம், நேரம் எல்லாம் தசமப் புள்ளி வரை கிடைக்கும். எந்தக் குதிரை எதனால் ஒதுங்கியது, இப்போது எங்கே நிற்கிறது என்ற பட்டியலை நான் இதுவரை கண்டதில்லை. கிண்டியில் குளம் வெட்டட்டும், பந்தயம் நடக்கட்டும், நடக்காமல் போகட்டும். இந்தியாவில் எங்கு ஓடினாலும், கட்டப்படும் பணத்தில் ஒரு பங்கு ஓடி முடித்த குதிரைக்கு என்று சட்டம் எழுதுவதில் என்ன சிரமம்? வேப்பேரியில் 1903 முதல் ஒரு கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிற நகரம் இது. மார்க்கோ போலோ காலத்துச் சாக்கு இங்கே செல்லாது.

நண்பர் இதைப் படிப்பார் என்று தெரியும். அவர் பதில் எழுதட்டும். அதற்கு முன் ஒரு நாள் விடியற்காலையில் எலியட்ஸ் பக்கம் வரச் சொல்லியிருக்கிறேன், ஆறு மணிக்குள் வந்தால் அந்தக் குதிரை தண்ணீரில்தான் நிற்கும்.