குரோமியத்தின் யோக்கியதை

இரத்தத்தில் சர்க்கரை மிகுந்தவர்களுக்குக் குரோமியம் என்னும் உலோகச் சத்து அடங்கிய மாத்திரை ஒரு சஞ்சீவி போல் சிபாரிசு செய்யப்பட்டு வருகின்றது. நமது நண்பர் ஒருவர் வைத்தியர் கொடுத்த மருந்தை நிறுத்திவிட்டு இதை விழுங்க ஆரம்பித்துவிட்டார். காரணம் கேட்டால், "இது சயன்ஸ் அய்யா" என்கிறார். தாயத்துக் கட்டுகிறவனைக் கண்டால் சிரிக்கிறவரும் இவரே. ஆகவே இந்தச் சயன்ஸின் யோக்கியதையைச் சற்று விசாரிப்போம்.

இன்சுலின் என்பது கணையத்தில் ஊறும் ஒரு சுரப்பு. இரத்தத்திலுள்ள சர்க்கரையைத் தசை முதலியவை ஏற்கும்படி செய்வது அதன் வேலை. அது வந்து கதவைத் தட்டியும் தசையும் ஈரலும் சரியாய்த் திறவாமல் போவதற்கே இன்சுலின் எதிர்ப்பு என்று பெயர். அதனை ஈடுசெய்யக் கணையம் மேலும் மேலும் சுரந்து, முடிவில் ஈடுகொடுக்க மாட்டாமற் போனால் நீரிழிவு உண்டாகிறது.

இதில் குரோமியம் எப்படி வந்து புகுந்தது? 1959-ல் அமெரிக்காவில் ஷ்வார்ட்ஸ், மெர்ட்ஸ் என்னும் இருவர், எலிகள் சர்க்கரையைச் சமாளிக்கக் குரோமியம் உதவுவதாகச் சொன்னார்கள். 1977-ல் கனடாவில், ஆண்டுக்கணக்காய் இரத்தக் குழாய் வழியாகவே ஆகாரம் பெற்றுவந்த ஒரு நோயாளிக்குச் சர்க்கரை மிகுந்து உடம்பும் இளைத்தது. ஆகாரத்தில் குரோமியம் சேர்த்ததும் குணம் கண்டது. இதை நாம் மறுக்கவில்லை. ஆனால், பட்டினி கிடந்தவனுக்குச் சோறு உயிர் கொடுத்தது என்பதற்காக, வயிறு நிறைந்தவனுக்கு இன்னும் நாலு படி சோற்றைத் திணித்தால் பலசாலி ஆகிவிடுவானா என்று கேட்கின்றோம். சாதாரணமாய்ச் சாப்பிடுகிறவனுக்குக் குரோமியக் குறைவு வருவது மிக மிக அபூர்வம்.

1997-ல் சீனாவில் 180 நீரிழிவுக்காரர்களுக்குக் கொடுத்துப் பார்த்ததில் நல்ல பலன் கண்டதாக வெளிவந்தது. மாத்திரை விற்பவர் இதோடு நிறுத்திக்கொள்வார். பின்னால் மற்ற இடங்களில் நடந்த சோதனைகளோ ஒன்றுக்கொன்று ஒத்துவரவில்லை. இன்சுலின் எதிர்ப்பைக் குரோமியம் குறைக்கும் என்பது மிகவும் சந்தேகத்திற்குரியது என்று 2005-ல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் தெரிவித்தது. குரோமியம் உடம்புக்கு இன்றியமையாதது என்பதற்கே போதிய ருசு இல்லை என்று 2014-ல் ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் சொல்லிவிட்டது. அன்றியும், அளவு மிஞ்சி உட்கொண்டவர்களில் சிலருக்குச் சிறுநீரகம் கெட்டதாகவும் வைத்திய ஏடுகளில் கண்டிருக்கிறது.

நிற்க. அப்படியானால் எதுதான் பலன் தரும்? இதற்கு விடை நமது சென்னையிலேயே இருக்கின்றது. நீரிழிவின் வாசற்படியில் நின்ற 531 பேரை வைத்து டாக்டர் ஏ. ராமச்சந்திரன் முதலியோர் நடத்திய ஆராய்ச்சி 2006-ல் வெளியாயிற்று. சும்மா விடப்பட்டவர்களில் மூன்றாண்டில் 100-க்கு 55 பேர் நீரிழிவுக்காரர்களானார்கள். ஆகாரத்தைத் திருத்தி, நடந்து, உடம்பை அசைத்தவர்களில் 39 பேரே ஆனார்கள். மெட்பார்மின் என்னும் மலிவான மாத்திரை சாப்பிட்டவர்களிலும் ஏறக்குறைய அவ்வளவுதான். நடப்பதற்குக் காசு வேண்டியதில்லை. அதனால்தான் அதற்கு விளம்பரமும் இல்லை போலும்!

தோழர்களே! வைத்தியர் கொடுத்த மருந்தை விளம்பரத்தை நம்பி நிறுத்தாதீர்கள். நிறுத்தினால் கெடுவது கண்ணும், காலும், சிறுநீரகமுமே தவிர, விற்றவன் அல்ல. சாமியார் சொன்னாலும் சயன்ஸ் என்று எவர் சொன்னாலும், எத்தனை பேருக்குக் கொடுத்துப் பார்த்தீர், கொடாதவரோடு ஒப்பிட்டீரா, மற்றவர் செய்தும் அதே பலன் கண்டதா என்று கேளுங்கள். கேட்காமல் கையில் கட்டினால் தாயத்து. கேட்காமல் வாயில் போட்டாலும் அது தாயத்தேயாகும். நமது நண்பரும் இதை யோசிப்பாராக.