ஆலைக்கு ஏற்ற பாடமா, மாணவருக்கு ஏற்ற பாடமா?

ஒரகடம் அரசு தொழிற்பயிற்சி நிலையத்தில் 2023 ஜூன் மாதம் 'தொழில் 4.0' தொழில்நுட்ப மையத்தை முதல்வர் மு.க.ஸ்டாலின் திறந்து வைத்தார். மாநிலம் முழுவதும் 71 அரசு ஐ.டி.ஐ.க்களை ரூ.2,877 கோடியில் மேம்படுத்தும் திட்டத்தின் ஒரு பகுதி அது. அதற்கு முன்பே, 2022 மார்ச் 1-ம் தேதி தொடங்கிய 'நான் முதல்வன்' திட்டம் கல்லூரிப் பாடத்திட்டத்துக்குள் திறன் பயிற்சியைக் கொண்டுவந்துவிட்டது. மூன்றாண்டுப் பட்டப் படிப்பில் ஒன்று முதல் மூன்று செமஸ்டர் வரை நிறுவனத்தில் அப்ரண்டிஸாகப் பயிற்சி பெறலாம் என்று பல்கலைக்கழக மானியக் குழுவும் வழிகாட்டியிருக்கிறது.

இவை எல்லாம் தேவையானவைதான். ஸ்ரீபெரும்புதூர், சுங்குவார்சத்திரம், ஒரகடம், வல்லம் வடகால் என ஆலைகள் வரிசையாக நிற்கும் மாவட்டத்தில் படிப்புக்கும் வேலைக்கும் தொடர்பு இருக்கக் கூடாது என்று யாரும் சொல்லப் போவதில்லை. ஆனால், இந்தத் திட்டங்கள் எல்லாம் 'ஆலைக்கு என்ன வேண்டும்?' என்ற ஒரே கேள்வியில் இருந்து தொடங்குகின்றன. 'வகுப்பில் உட்கார்ந்திருப்பவர் யார்?' என்ற கேள்வி பின்னுக்குப் போய்விடுகிறது. பட்டியலின மாணவர்களுக்கு இந்த இரண்டாவது கேள்விதான் முக்கியமானது.

வாசல் திறந்தது, வகுப்பறை?

இடஒதுக்கீடு, போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை, முதல் தலைமுறைப் பட்டதாரிக்கான கட்டணச் சலுகை, பொறியியல் உள்ளிட்ட தொழிற்படிப்புகளில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 2021-ல் வந்த 7.5 சதவீத ஒதுக்கீடு, 2022-ல் வந்த புதுமைப் பெண் திட்டம் என்று கல்லூரி வாசலைத் திறந்துவிட்ட ஏற்பாடுகள் பல. அதன் பலனும் தெரிகிறது. மத்திய கல்வி அமைச்சகத்தின் 2021-22 கணக்கெடுப்பின்படி உயர்கல்விச் சேர்க்கை விகிதம் இந்திய அளவில் 28.4 சதவீதம், தமிழகத்தில் 47 சதவீதம். பட்டியலினத்தவருக்கான இந்திய சராசரி 25.9 சதவீதம். இது 2014-15-ல் 18.9 ஆக இருந்தது.

உள்ளே போன பிறகு என்ன நடக்கிறது? முதல் செமஸ்டரிலேயே கணிதத்திலும் ஆங்கிலத்திலும் அரியர் விழுகிறது. அடுத்த செமஸ்டரில் அது இரண்டு, மூன்றாகிறது. 'கவனம் போதவில்லை', 'அடிப்படை சரியில்லை' என்று மாணவர் மீது பழி விழுகிறது. பாடத்தை வடிவமைத்தவர் மனதில் எந்த மாணவரை வைத்து வடிவமைத்தார் என்று யாரும் கேட்பதில்லை. ஆங்கில வழியில் படித்தவர், வீட்டில் தனி அறை உள்ளவர், மாலையில் வேலைக்குப் போகத் தேவையில்லாதவர், சந்தேகம் கேட்க வீட்டில் ஒரு பட்டதாரி உள்ளவர். பெரும்பாலான பாடத்திட்டங்கள் எழுதப்பட்டிருப்பது இந்தக் கற்பனை மாணவருக்காகத்தான்.

கூலி வேலைக்கோ, கம்பெனிக்கு கான்ட்ராக்ட் முறையில் துப்புரவுப் பணிக்கோ செல்லும் பெற்றோரின் பிள்ளை அந்தக் கற்பனைக்குள் வருவதில்லை. இட ஒதுக்கீடு ஒருவருக்கு இருக்கை தருகிறது. அந்த இருக்கையில் கடைசி செமஸ்டர் வரை அவர் உட்கார்ந்திருப்பாரா என்பது பாடம் நடத்தப்படும் விதத்தில்தான் இருக்கிறது.

அம்பேத்கர் போட்ட கால அட்டவணை

இதைப் பற்றி யோசித்த முதல் ஆள் நாம் அல்ல. மக்கள் கல்விக் கழகத்தை 1945-ல் தொடங்கிய அம்பேத்கர், அடுத்த ஆண்டே பம்பாயில் சித்தார்த்தா கல்லூரியைத் திறந்தார். அங்கு வகுப்புகள் காலையிலேயே நடந்து முடிந்தன. பகலில் வேலைக்குப் போகும் இளைஞரும் பட்டம் பெற வேண்டும் என்பதுதான் நோக்கம். மாணவரின் வாழ்க்கையைக் கால அட்டவணைக்குள் திணிக்காமல், வாழ்க்கைக்கு ஏற்பக் கால அட்டவணையை மாற்றிய முடிவு அது.

ஷிப்ட் முறையில் இயங்கும் இந்தத் தொழில் வழித்தடத்துக்கு அந்த யோசனை இன்றும் பொருந்தும். இரவு ஷிப்ட் முடித்துவிட்டு வகுப்புக்கு வரும் மாணவரிடம் 75 சதவீத வருகைப் பதிவை மட்டும் காட்டி ஹால் டிக்கெட்டை நிறுத்துவதால் யாருக்கும் பயனில்லை. வகுப்பு நேரத்தில் கல்லூரி நிர்வாகம்தான் முடிவெடுக்க முடியும். ஆனால், இன்டர்னல் மதிப்பெண்ணை எப்படிப் பிரிப்பது என்பதில் ஆசிரியருக்கு ஓரளவு சுதந்திரம் உண்டு. இரண்டு பெரிய தேர்வுகளில் மொத்தத்தையும் வைக்காமல், வாரம் ஒரு சிறிய பயிற்சியாகப் பிரித்து, அதில் மோசமான இரண்டைக் கழித்துவிடலாம். ஒரு வாரம் தவறினாலும் மாணவர் மீண்டுவிடுவார்.

மொழி ஒரு சுவர் அல்ல

சிவில், மெக்கானிக்கல் பிரிவுகளைத் தமிழ் வழியில் படிக்க 2010-ல் அண்ணா பல்கலைக்கழகம் வழி செய்தது. சேர்க்கை குறைவு என்று 2023 மே மாதம் சில உறுப்புக் கல்லூரிகளில் அதை நிறுத்துவதாக அறிவித்து, எதிர்ப்பு எழுந்ததும் திரும்பப் பெற்றது. இதில் ஒரு பாடம் இருக்கிறது. தமிழ் வழியைத் தனி வகுப்பாக ஒதுக்கிவைத்தால், 'வேலை கிடைக்காது' என்ற பயத்தில் மாணவர்களே அதைத் தவிர்க்கிறார்கள். எல்லோரும் உட்காரும் ஒரே வகுப்பில் இரு மொழிகளையும் பயன்படுத்துவது வேறு. 'டார்க்' என்றால் என்ன என்பதைத் தமிழில் விளக்கலாம். முதலில் தமிழில் பேசச் சொல்லி, பிறகு ஆங்கிலத்தில் எழுதச் சொல்லலாம். ஒவ்வொரு அலகுக்கும் முப்பது கலைச்சொற்களை இரு மொழியிலும் ஒரே தாளில் கொடுத்துவிடலாம். இதற்கு அரசாணை தேவையில்லை. வைவா தேர்வில் ஆங்கிலம் தடுமாறுவதை அறிவு தடுமாறுவதாக எண்ணாமல் இருந்தாலே பாதி வேலை முடிந்தது.

யார் அருகில் யார்?

ஒருவர் பேச மற்றவர் எழுதும் வகுப்பு எல்லோருக்கும் சமமானது போலத் தெரியும். உண்மை வேறு. அமெரிக்கக் கல்லூரிகளின் அறிவியல், பொறியியல் வகுப்புகள் பற்றிய பல ஆய்வுகளைத் தொகுத்து 2020-ல் ஓர் ஆய்வு வெளியானது. மாணவர்கள் வகுப்பிலேயே கணக்குப் போட்டு, விவாதித்து, விடை காணும் முறையில், பின்தங்கிய சமூக மாணவர்களுக்கும் மற்றவர்களுக்கும் இடையிலான தேர்வு மதிப்பெண் இடைவெளி 33 சதவீதமும், தேர்ச்சி இடைவெளி 45 சதவீதமும் குறைந்தன. வகுப்பு நேரத்தின் பெரும்பகுதியை இப்படிச் செலவிட்ட இடங்களில்தான் இந்தப் பலன் கிடைத்தது. எப்போதாவது ஒரு குழு விவாதம் நடத்துவது போதாது.

அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் 1970-களில் யூரி ட்ரீஸ்மன் என்ற கணித ஆசிரியர், கறுப்பின மாணவர்கள் ஏன் கால்குலஸில் தோற்கிறார்கள் என்று ஆராய்ந்தார். உழைப்பு குறைவு என்பது காரணம் அல்ல. அவர்கள் தனித்தனியாகப் படித்தார்கள். தேறியவர்களோ கூடிப் படித்தார்கள். எனவே 'பின்தங்கியோருக்கான சிறப்பு வகுப்பு' என்ற முத்திரையை அவர் தவிர்த்தார். கடினமான கணக்குகளைக் கொடுத்துக் கூடிப் படிக்கும் பயிலரங்கை உருவாக்கினார். முடிவுகள் மாறின.

நம் ஊரில் இதைச் செய்யும்போது ஒரு எச்சரிக்கை வேண்டும். 'நீங்களே குழு பிரித்துக்கொள்ளுங்கள்' என்று ஆசிரியர் சொன்னால், குழு பெரும்பாலும் ஊராகவும் சேரியாகவும் பிரிந்துவிடும். நாங்குநேரி சம்பவத்துக்குப் பிறகு அமைக்கப்பட்ட நீதிபதி கே.சந்துரு குழு, 2024 ஜூனில் அளித்த அறிக்கையில் வகுப்பில் அகர வரிசைப்படி இருக்கை தரச் சொன்னது இதனால்தான். லேப் ஜோடியையும் புராஜெக்ட் குழுவையும் ஆசிரியரே அமைக்க வேண்டும். மெஷினைத் தொடுபவர் ஒருவர், ரெக்கார்டு நோட்டு எழுதுபவர் ஒருவர் என்று நிரந்தரமாகிவிடாமல் பொறுப்புகளைச் சுழற்ற வேண்டும்.

நோக்கியா தந்த பாடம்

எதைக் கற்பிப்பது என்பதும் இதில் சேர்ந்ததே. ஸ்ரீபெரும்புதூரில் 2006-ல் தொடங்கிய நோக்கியா ஆலை 2014 நவம்பரில் மூடப்பட்டது. ஆயிரக்கணக்கான இளைஞர்கள் இருபதுகளின் நடுவிலேயே வேலை இழந்து வெளியே வந்தார்கள். ஓர் அசெம்பிளி லைனில் கற்ற வேலை இன்னொரு கம்பெனி வாசலில் பெரிதாக உதவவில்லை. அதே வளாகத்துக்குப் பிறகு சால்காம்ப் நிறுவனம் வந்தது. கட்டடத்துக்கு அடுத்த வேலை கிடைத்துவிட்டது. தொழிலாளிக்கு அவ்வளவு எளிதில் கிடைப்பதில்லை. ஒரு மெஷினுக்காக மட்டும் எழுதப்படும் பாடம் அந்த மெஷினோடு பழசாகிவிடும். புதிதாக ஒன்றைக் கற்றுக்கொள்ளும் திறனும், தன் உரிமையைத் தெரிந்துகொள்ளும் அறிவும் பழசாவதில்லை.

உரிமை என்ற சொல் திறன் பாடங்களில் அரிதாகவே வருகிறது. அப்ரண்டிஸ் சட்டம் 1961-ன்படி அப்ரண்டிஸ் ஒரு பயிற்சியாளர், தொழிலாளி அல்ல. படிப்போடு சேர்த்து அப்ரண்டிஸாக அனுப்பப்படும் மாணவருக்கு இது முதல் வகுப்பிலேயே தெரிய வேண்டாமா? நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துள்ளன. குறித்த கால ஒப்பந்தத்தில் வேலை செய்பவருக்கு ஓராண்டிலேயே பணிக்கொடை உண்டு என்பது அதில் ஒரு அம்சம். சுங்குவார்சத்திரம் சாம்சங் ஆலையில் 2024 செப்டம்பர் 9 முதல் 37 நாள் நடந்த வேலைநிறுத்தமும், 2025 ஜனவரியில் அந்தச் சங்கம் பதிவு பெற்றதும் நிர்வாகவியல் வகுப்பில் இரு தரப்பு வாதங்களோடும் விவாதிக்க வேண்டிய பாடம். நம் பிள்ளைகள் நாளை நிற்கப்போகும் இடம் அது.

ஊரே பாடநூல்

புதுமையான பாட வடிவமைப்பு என்றவுடன் ஸ்மார்ட் போர்டு நினைவுக்கு வரலாம். அதைவிட மலிவான கருவிகள் நம் வீட்டிலேயே இருக்கின்றன. வணிகவியல் மாணவர் தன் அக்காவின் சம்பளச் சீட்டைக் கொண்டுவந்து, பி.எஃப். 12 சதவீதமும் இ.எஸ்.ஐ. 0.75 சதவீதமும் சரியாகப் பிடிக்கப்படுகின்றனவா என்று கணக்கிடலாம். சிவில் மாணவர் தன் தெருவின் கழிவுநீர் எங்கே போய் நிற்கிறது என்று மட்டம் பார்த்து வரைபடம் போடலாம்.

நிலத்தைப் பற்றிப் படிக்க இதைவிடப் பொருத்தமான மாவட்டம் இல்லை. செங்கல்பட்டு கலெக்டராக இருந்த ட்ரெமன்ஹீர் 1891-ல் இப்பகுதியின் ஒடுக்கப்பட்ட மக்களைப் பற்றி எழுதிய அறிக்கைதான் 1892-ல் பஞ்சமி நில ஒதுக்கீட்டுக்கு வழி வகுத்தது. அந்த நில மீட்புக்காக நடந்த காரணை போராட்டத்தில் 1994 அக்டோபரில் துப்பாக்கிச் சூட்டுக்கு ஜான் தாமஸ், ஏழுமலை ஆகிய இருவர் பலியானார்கள். ஒரு சென்ட் நிலத்தின் விலை ஏறிக்கொண்டே போகும் இந்த மண்ணில், அ-பதிவேடு, சிட்டா, அடங்கல் ஆகியவற்றை வாசிக்கத் தெரிவது ஒரு திறன் இல்லையா? தரவு அறிவியல் படிக்கும் மாணவி தன் கிராமத்தின் நிலப் பதிவுகளை அட்டவணைப்படுத்தினால், அவர் கற்பது கணினியும் வரலாறும் சட்டமும்தான். வீட்டில் தாத்தா சொன்ன கதை வகுப்பில் மதிப்பெண் பெறும் அறிவாக மாறும். தன்னிடம் இருப்பதும் அறிவுதான் என்று உணரும் மாணவர் கடைசி பெஞ்சில் ஒடுங்கி உட்காரமாட்டார்.

கேட்க வேண்டியது நாம்

மாணவர்களுக்கும் பெற்றோருக்கும் ஒரு வேண்டுகோள். கல்லூரியில் சேரும்போது பிளேஸ்மென்ட் எத்தனை சதவீதம் என்று கேட்கிறோம். முதலாண்டில் சேர்ந்த பட்டியலின மாணவர்களில் எத்தனை பேர் அரியர் இல்லாமல் முடித்தார்கள் என்றும் கேட்போம். அரசு, அரசு உதவி பெறும் கல்லூரிகளில் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் வழியாகவே கேட்கலாம்.

தன்னாட்சிக் கல்லூரிகளின் பாடத்திட்டக் குழுவில் தொழில்துறைப் பிரதிநிதி ஒருவருக்கு இடம் உண்டு. முன்னாள் மாணவர் ஒருவருக்கும் இடம் உண்டு. முதல் நாற்காலி எப்படியும் நிரம்பிவிடும். இரண்டாவது நாற்காலியில், சேரியிலிருந்து வந்து அரியரோடு போராடிப் பட்டம் பெற்று, இன்று ஏதோ ஒரு ஆலையில் ஷிப்ட் பார்க்கும் ஒருவர் உட்கார வேண்டும். எந்தப் பாடம் உதவியது, எது வெறும் தாளாக நின்றது என்று அவரால் சொல்ல முடியும். அடுத்த பாடத்திட்டக் குழுக் கூட்டத்துக்கு முன்பு இந்தக் கோரிக்கையை மாணவர் அமைப்புகளும் ஆசிரியர் சங்கங்களும் எழுத்து மூலம் வைக்கலாம்.