1,200 டார்க் யாருக்கு வேணும்?

ஹாஸ்டலில் ராத்திரி பன்னிரண்டு மணிக்கு மேல் நடக்கும் சண்டைகளில் இதுவும் ஒன்று: அமெரிக்க பிக்கப் டிரக்கில் டீசல் பெருசா, கேஸ் பெருசா? யூடியூபில் ஒரு டோயிங் வீடியோ ஓடி முடிந்ததும் மெக்கானிக்கல் பசங்க மொத்தமும் டீசல் கட்சிக்குப் போய்விடுகிறார்கள். நான் மட்டும் கேஸ் கட்சி. ஏன்னு கேட்டவங்க யாரும் முழுசா பேச விட்டதில்லை. அதனால் இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒரு குழப்பம் தீரட்டும். அமெரிக்காவில் 'கேஸ்' என்றால் நம்ம சிலிண்டர் கேஸோ சிஎன்ஜியோ இல்லை. கேசலின், அதாவது பெட்ரோல். ஹெவி-டியூட்டி பிக்கப் என்றால் ஃபோர்டு எஃப்-250, ராம் 2500, ஷெவர்லே சில்வராடோ 2500 மாதிரி வண்டிகள். படகு, குதிரை டிரெய்லர், கட்டட வேலை மிஷின் என்று எதையாவது இழுப்பதுதான் வேலை. ஒரே வண்டிக்கு பெட்ரோல், டீசல் இரண்டு ஆப்ஷனும் உண்டு.

ஃபோர்டையே எடுத்துக்கலாம். 2020 மாடலில் வந்த 7.3 லிட்டர் பெட்ரோல் வி8 அப்போது கொடுத்தது 430 ஹார்ஸ்பவர், 475 பவுண்டு-அடி டார்க். 2023 மாடலில் வந்த 6.7 லிட்டர் ஹை-அவுட்புட் டீசல் கொடுப்பது 500 ஹார்ஸ்பவர், 1,200 பவுண்டு-அடி. நம்ம யூனிட்டில் சொன்னால், பெட்ரோலுக்கு சுமார் 644 நியூட்டன் மீட்டர், டீசலுக்கு 1,627. "இதுக்கு மேல என்னடா பேச்சு?" என்பான் ரூம்மேட்.

பேச்சு இருக்கு. டார்க் இரண்டரை மடங்கு, சரி. ஆனா பவரில் வித்தியாசம் வெறும் 16 சதவீதம்தான். பாரத்தோடு மேட்டில் எவ்வளவு வேகமாக ஏற முடியும் என்பதை முடிவு செய்வது சக்கரத்துக்கு வந்து சேரும் பவர். டீசல் அந்த வேலையை 2,000 ஆர்பிஎம் பக்கத்தில் அமைதியாகச் செய்கிறது. பெட்ரோல் இன்ஜின் இரண்டு கியர் இறங்கி, 4,000-க்கு மேல் கத்திக்கொண்டே செய்கிறது. 10 ஸ்பீடு கியர்பாக்ஸ் பின்ன எதுக்கு இருக்கு? காது வலிக்கும், வேலை நடக்கும்.

டீசல் நிஜமாகவே ஜெயிக்கும் இடமும் உண்டு. கொலராடோவில் ஐ-70 நெடுஞ்சாலை ஐசன்ஹோவர் சுரங்கத்துக்கு ஏறுகிறது. உயரம் 11,000 அடிக்கு மேல். நம்ம தொட்டபெட்டாவை விட சுமார் 700 மீட்டர் அதிகம். அங்கே காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தில் இருப்பதைவிட ஏறக்குறைய 30 சதவீதம் குறைவு. டர்போ இல்லாத பெட்ரோல் இன்ஜின் கிட்டத்தட்ட அதே அளவு பவரை இழக்கும். டீசலில் இருக்கும் டர்போ அந்த இழப்பில் பெரும்பகுதியை ஈடுகட்டிவிடும். இறங்கும்போது எக்ஸாஸ்ட் பிரேக் வேறு கைகொடுக்கும். ஆறேழு டன்னை இழுத்துக்கொண்டு வாரா வாரம் அந்த மலை தாண்டுபவர் டீசல்தான் வாங்கணும். அதில் எனக்கு மறுபேச்சு இல்லை.

ஆனா எல்லாரும் அந்த மலையிலா இருக்காங்க?

இப்போ காசுக்கு வருவோம். டீசல் ஆப்ஷனுக்கு சுமார் 10,000 டாலர் கூடுதல். "மைலேஜில் எடுத்துடலாம்" என்று நமக்குத் தோன்றும், ஏன்னா டீசல் விலை குறைவு என்று நம்ம ஊர் பங்க்கில் பார்த்தே வளர்ந்தவர்கள் நாம். அமெரிக்காவில் பெரும்பாலும் தலைகீழ். மத்திய அரசு வரியே ஒரு கேலன் பெட்ரோலுக்கு 18.4 சென்ட், டீசலுக்கு 24.4 சென்ட்.

இன்னொரு விஷயம்: 8,500 பவுண்டுக்கு மேல் மொத்த எடை அனுமதி உள்ள பிக்கப்களுக்கு அரசு மைலேஜ் ரேட்டிங்கே கிடையாது. அதனால் நானே ஒரு கணக்கு போட்டேன். எண்கள் என் அனுமானம், மாற்றிப் போட்டுப் பாருங்க. பெட்ரோல் கேலனுக்கு 12 மைல், விலை 3.20 டாலர். டீசல் 15 மைல், 3.70 டாலர். வருஷம் 15,000 மைல் ஓட்டினால் பெட்ரோல் செலவு 4,000, டீசல் செலவு 3,700. மிச்சம் 300 டாலர். 10,000-ஐ எடுக்க 33 வருஷம்!

அதே ஆள் வருஷம் 30,000 மைல் டிரெய்லரோடு ஓட்டுகிறார், பெட்ரோல் 8 மைல், டீசல் 11 மைல் கொடுக்குது என்று வைங்க. மிச்சம் சுமார் 1,900 டாலர். ஐந்து வருஷத்தில் போட்ட காசு வந்துவிடும். விற்கும்போதும் டீசலுக்கு நல்ல விலை உண்டு, அதையும் சேர்த்துக்கலாம். ஆக, பதிலை மாற்றியது இன்ஜின் இல்லை, ஓட்டுபவரின் வேலை.

வீடியோவில் காட்டாத இரண்டு விஷயங்கள். ஒன்று, டீசல் இன்ஜின் கனம் அதிகம். எஃப்-250 போன்ற வண்டிகளில் பலவற்றுக்கு மொத்த எடை வரம்பு 10,000 பவுண்டு. இன்ஜின் கூடுதலாகத் தின்னும் எடை, பின்னால் ஏற்றும் சரக்கிலிருந்துதான் கழியும். அந்த வரம்புக்குள் பார்த்தால், பலசாலி இன்ஜின் போட்ட வண்டி சரக்கு கம்மியாகத்தான் சுமக்கும்.

இரண்டு, புகை. டீசல் ஃபில்டரில் சேரும் கரி எரிய எக்ஸாஸ்ட் நல்லா சூடாகணும். தினமும் இரண்டு மைல் ஓட்டி நிறுத்தினால் அந்தச் சூடு வராது, ஃபில்டர் அடைக்கும். நைட்ரஜன் ஆக்சைடைக் குறைக்க யூரியா கரைசல் தனியாக ஊற்றணும். டீசலைச் சுத்தமாக வைப்பது சின்ன விஷயம் இல்லை. 2013 முதல் 2019 வரையிலான ராம் பிக்கப் டீசல்களில் மாசுக் கட்டுப்பாட்டை ஏமாற்றும் சாஃப்ட்வேர் இருந்ததாக அமெரிக்க அரசு குற்றம் சாட்டியது. கம்மின்ஸ் நிறுவனம் 2023 டிசம்பரில் 167.5 கோடி டாலர் அபராதத்துக்கு ஒப்புக்கொண்டது.

நாம யாரும் நாளைக்கே எஃப்-250 வாங்கப் போவதில்லை. அப்புறம் ஏன் இவ்வளவு கோபம்னா, இதே தப்பை நாம மினி ப்ராஜெக்டில் செய்தோம். "சேஃப்டிக்கு இருக்கட்டும்" என்று தேவைக்கு இரண்டு மடங்கு டார்க் உள்ள மோட்டார் வாங்கினோம். அதுக்குப் பெரிய பேட்டரி, அதைத் தாங்க கனமான ஃப்ரேம். கடைசியில் அந்த மோட்டார் பாதி நேரம் தன்னைத்தானே சுமந்தது. டேட்டா ஷீட்டில் பெரிய எண்ணைப் பார்த்ததும் மயங்கினோம். சுமை எவ்வளவு, எத்தனை நேரம் என்று ஒருத்தரும் எழுதி வைக்கவில்லை.

இன்னும் சில மாதத்தில் நம்மில் பலர் வேலைக்குப் போய், அடுத்தவர் காசில் இன்ஜினும் மோட்டாரும் பம்பும் தேர்வு செய்யப்போகிறோம். "எது பெருசு?" என்பது ரசிகன் கேட்கும் கேள்வி. "எவ்வளவு எடை, எவ்வளவு தூரம், வருஷத்துல எத்தனை நாள்?" என்பது இன்ஜினியர் கேட்க வேண்டியது.

இன்னைக்கு ராத்திரி ரூமில் அடுத்த வீடியோ ஓடும். முடிஞ்சதும் அந்த மூன்று கேள்வியைக் கேட்டுப் பாருங்க. பதில் டீசல்னு வந்தா, நானும் உங்க கட்சிதான்.