பழைய எண், புதிய எண்: இரண்டு கதவுகளும் ஒரு பூட்டும்

ராஜா அண்ணாமலைபுரத்தில் மெயின் ரோடுகளுக்கும் குறுக்குத் தெருக்களுக்கும் எண்களே பெயர். கதவுகளிலோ இரண்டிரண்டு எண்கள். மாநகராட்சி கதவெண்களை மாற்றியமைத்த பின்னும் பழையதை விட மனமின்றி, 'புதிய எண், பழைய எண்' என்று இரண்டையும் எழுதிவருகிறோம். தபால்காரர் சமாளித்துக்கொள்கிறார், புதிதாக வருபவர்தான் தெருவை இருமுறை அளக்கிறார். இணையத்தின் முகவரி முறையும் இன்று இந்நிலையில்தான் இருக்கிறது. வேற்றுமை ஒன்றே: தெருவில் எண் இரண்டானாலும் கதவு ஒன்று, இணையத்தில் எண் இரண்டானால் கதவும் இரண்டு. அவற்றுள் ஒன்றை மட்டும் பூட்டிவிட்டு உறங்கும் நிறுவனங்களோடுதான் நமக்கு வழக்கு.

பழைய முறையான ஐபிவி4, 1981இல் வரையறுக்கப்பட்டது. 32 பிட் நீளமுள்ள அதன் முகவரிகள் ஏறத்தாழ 430 கோடி. உலகப் பொதுக் கையிருப்பு 2011 பிப்ரவரியில் தீர்ந்தது. அவ்வாண்டு ஏப்ரலிலேயே ஆசிய பசிபிக் வட்டாரம் ரேஷன் முறைக்கு வந்துவிட்டது. 1998இல் வரையறுக்கப்பட்ட ஐபிவி6, 128 பிட் நீளமுடையது. இதில் ஒரு வீட்டின் வலையமைப்பு ஒன்றுக்கே கிடைக்கக்கூடிய முகவரிகள், பழைய முறையின் மொத்தத் தொகையை அதே தொகையால் பெருக்கினால் வருவன.

'புதியது மெதுவானது' என்பது முதல் குற்றச்சாட்டு. தலைப்புப் பகுதி 20 பைட்டிலிருந்து 40 பைட்டாக வளர்ந்தது மெய்யே. ஆயினும் வழியிலுள்ள ஒவ்வொரு ரவுட்டரும் பிழைச்சரிபார்ப்புத் தொகையை மீண்டும் கணக்கிடும் வேலை புதியதில் இல்லை; பொட்டலத்தை நடுவழியில் உடைக்கும் வேலையும் இல்லை. தொடக்க காலத்தில் புதிய பொட்டலங்களைப் பழைய உறைக்குள் திணித்துச் சுற்றுவழியில் அனுப்பினார்கள். தாமதம் அதனால் வந்தது. அந்தப் பழியை நெறிமுறையின் தலையில் ஏற்றுவது, சுற்றிப்போன வண்டிக்காரனை விட்டுவிட்டுச் சாலையை ஏசுவதாகும். நேர்வழி அமைந்த இடங்களில் புதியது பழையதற்குப் பின்தங்குவதில்லை; முகவரி மாற்றும் இடைநிலை இல்லாத இடங்களில் சற்று முந்துவதும் உண்டு.

'பழையது பாதுகாப்பானது, நம் கணினிகள் ஒரே பொதுமுகவரிக்குப் பின்னால் மறைந்திருக்கின்றன' என்பது இரண்டாவது வாதம். இந்த முகவரிப் பகிர்வு பஞ்சகாலத்து ஏற்பாடு, பாதுகாப்புக்காகப் பிறந்ததன்று. உள்ளே வருவதைத் தடுப்பது ஃபயர்வாலின் கடமை. அது இரு முறைகளிலும் இயலும். பகிர்வின் விலையையும் பார்க்க வேண்டும். ஒரே முகவரிக்குப் பின்னே நூற்றுக்கணக்கான வீடுகள் இருக்கையில், ஒருவன் செய்த குப்பை அஞ்சலுக்காக அத்தனை பேரும் தடைப்பட்டியலில் விழுகிறார்கள். குற்றம் நடந்தால், துல்லியமான நேரமும் போர்ட் எண்ணும் இல்லாமல் எவர் வீட்டுக் கதவைத் தட்டுவது? 2013இல் வெளிவந்த 'இசட்மேப்' என்னும் கருவி, பழைய முகவரிவெளி முழுவதையும் ஒரு மணி நேரத்துக்குள் துழாவிக் காட்டியது. புதியதில் ஒரு வீட்டைக்கூட அவ்விதம் துழாவி முடிக்க இயலாது.

புதியதன் பக்தர்களையும் விடுவதற்கில்லை. மறையாக்கம் அதனோடு பிறந்தது என்பார்கள். அதனைப் பொருத்தும் கட்டாயம் 2011இல் பரிந்துரையாகத் தளர்த்தப்பட்டது. அதே மறையாக்கம் பழையதிலும் கிடைக்கிறது. கருவியின் வன்பொருள் அடையாளமே முகவரியில் பதியும் அபாயமும் இருந்தது. 2001 முதல் தற்காலிக முகவரிகள் அதற்கு மருந்தாயின. எனினும் முகவரியின் முற்பகுதி வீட்டைக் காட்டிக்கொடுக்கவே செய்யும்.

இனி நம் வழக்கின் மையம். 'நாங்கள் இன்னும் புதியதற்கு மாறவில்லை. ஆகவே அதன் ஆபத்தும் எங்களுக்கில்லை' என்று சொல்லும் கல்லூரிகளும் அலுவலகங்களும் தங்கள் கணினிகளை அறியாதவை. 2007இல் வந்த விண்டோஸ் விஸ்டா தொடங்கி, ஐபிவி6 தானாகவே இயங்கும் நிலையில்தான் கணினிகள் வருகின்றன. உள்ளே எவனோ ஒருவன் 'நானே ரவுட்டர்' என்று பொய்யறிவிப்பு விடுத்தால் அவை நம்பிவிடும். இதைத் தடுக்கும் ஏற்பாடு ஸ்விட்சுகளில் உண்டு; ஆனால் கதவே இல்லை என்று நினைப்பவர் தாழ்ப்பாளைத் தேடுவாரா?

காலக்கெடுக்களின் வரலாறு இன்னும் சுவையானது. தொலைத்தொடர்புத் துறையின் 2010ஆம் ஆண்டு வழித்திட்டம், அரசு அமைப்புகள் 2012 மார்ச்சுக்குள் புதியதைப் பயன்படுத்தத் தொடங்க வேண்டும் என்றது. அடுத்த வழித்திட்டம் முழு மாற்றத்துக்கு 2017 டிசம்பரைக் குறித்தது. பின்னர் 2022 ஜூன் என்றானது. இதற்கிடையே 2016 செப்டம்பரில் வந்த ஜியோ, புதிய முறையின் மேலேயே தன் வலையமைப்பைக் கட்டி, சாமானியரின் கைப்பேசியில் அதைச் சேர்த்துவிட்டது. ஐபிவி6 பயன்பாட்டில் இந்தியா உலகின் முன்வரிசையில் நிற்பதற்கு முதற்காரணம் கைப்பேசியே, கோப்புகள் அல்ல.

திஸ்கியையும் ஒருங்குறியையும் ஒருங்கே சுமந்து அல்லற்பட்ட தமிழ் வாசகருக்கு இரட்டை வாழ்க்கையின் துன்பத்தை விளக்க வேண்டியதில்லை. மாற்றம் ஒரே நாளில் முடிய வேண்டும் என்று நாம் கேட்கவில்லை. இரண்டு கதவுகள் இருக்கும்வரை இரண்டுக்கும் பூட்டு வேண்டும். ஃபயர்வால் விதி ஒன்றுக்கு எழுதப்பட்டால் மற்றதற்கும் எழுதப்பட வேண்டும். பழையதை எந்நாளில் அகற்றுவோம் என்ற தேதியும் பதிவாக வேண்டும். இவற்றைச் செய்யாமல் 'பழையதே பாதுகாப்பு' என்பது சோம்பலுக்கு இட்ட மறுபெயர்.